குடத்தில் முதலில் விழுந்தது

எனக்கு எழுபத்து நான்கு வயது முடிந்துவிட்டது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. ஐந்து பேரும் படித்தார்கள், ஐந்து பேரும் சித்தூர்ப் பக்கத்து எங்கள் குடிபாலாவை விட்டு வெளியே போனார்கள். நான் மூன்றாவது வரைதான் படித்தேன். அதுவும் தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து பின்னால் வேலூர் பஸ்ஸின் பலகையைப் பார்த்துக் கூட்டிக் கூட்டிக் கற்றது. அதனால் நான் சொல்கிறேன், என் பேத்தி எழுதுகிறாள். எழுத்துத் தமிழில் எழுதிக்கொள், ஆனால் சொன்னதை மாற்றாதே, கோபமாகச் சொன்ன இடத்தைத் தடவிக் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

என் வயதுக்காரிகளே, கோபம் எதனால் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, எங்கள் தெரு பஜனைக் கோயிலில் நான் மைக்கைக் கையில் வாங்கினேன். வீட்டுக்காரர் போன பிறகு பெட்டியில் கிடந்த என் தாலியின் இரண்டு தங்கக் குண்டுமணிகளை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினேன். "இது என் தாலிக் குண்டு. பெருமாளுக்கு இல்ல. நம்ம தெருப் பொண்ணு திருப்பதியில நர்சு படிக்கப் போவுதே, அதோட ஹாஸ்டலுக்கு. அதுக்கு மட்டும்தான்" என்றேன். அந்தப் பெண்ணிடம் முந்தின நாளே, சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டேன். "சொல்லு ஆயா, எனுக்கு இன்னா வெக்கம்" என்றாள். வெட்கமெல்லாம் ஊருக்குத்தான் வந்தது.

குழாயடியில் பேசினார்கள். கிழவிக்கு விளம்பரம் வேண்டியிருக்கிறது என்றார்கள். மறுநாள் குவைத்தில் வண்டி ஓட்டும் என் மூத்தவன் போன் செய்தான்.

"ஏம்மா, குடுத்தா கம்முனு குடுத்துட்டுப் போ. மைக்கப் புடிச்சிக்கினு சொல்லணுமா? ரூம்ல எல்லாரும் வீடியோ பாத்துட்டு சிரிச்சிக்கினு கீறானுங்க."

"இன்னா சிரிப்பு?"

"உங்கம்மா எலெக்‌ஷன்ல நிக்குதான்னு கேக்கறானுங்க."

"நின்னா ஜெயிப்பேன்னு சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் கொடுத்ததே போய்விடும் என்று எனக்கே பாடம் சொன்னான். அதைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அதே வார்த்தையை என் ஒன்பதாவது வயதில் கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தை என்ன செய்தது என்று பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். நிதானமாகத்தான் சொல்வேன். அவசரம் இருப்பவர்கள் எழுந்து போகலாம்.

அந்தப் புரட்டாசியில் மழை இல்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கும் அப்போது நிலம் கிடையாது. பெரிய வீட்டு நிலத்தில்தான் எல்லோருக்கும் கூலி. எங்கள் தெருக் கிணறு வற்றிப் போய், பெரிய வீட்டுத் தோட்டத்துப் பழைய கிணற்றில் இறங்கி மொண்டுகொள்ளச் சொன்னார்கள். அதில் பாதிப் படிக்கட்டு பெயர்ந்து கிடந்தது. என் கூட்டாளி, என்னை விட ஒரு வயது பெரியவள், குடத்தோடு அந்தப் படியில் சறுக்கி அடியில் போய் விழுந்தாள். இடது கால், முழங்காலுக்குக் கீழே, மாட்டுக் கொம்பு மாதிரி வளைந்து நின்றது. அவளைத் தூக்கி வந்தபோது அவள் அழவில்லை. "கொடம் நசுங்கிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

எலும்பு முறிந்தால் எங்கள் ஜில்லாவில் எங்கே போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். புத்தூருக்குத்தான். அங்கே பச்சிலை வைத்து, முட்டை வெள்ளை தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டால் எலும்பு கூடிவிடும். ஆனால் குடிபாலாவிலிருந்து சித்தூர், சித்தூரிலிருந்து திருப்பதி, அங்கிருந்து புத்தூர் என்று பஸ் மாறிப் போக வேண்டும். போனால் சில நாட்கள் தங்க வேண்டும். அவள் அப்பாவுக்கு அன்றைக்குக் கூலி கிடைத்தால்தான் அன்றைக்குச் சோறு.

எங்கள் தெருவில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோவிந்தக் குடம் எடுப்பது வழக்கம். கல்யாணம் ஆகாத ஒரு சிறு பெண், காலையில் ஒன்றும் தின்னாமல், நாமம் போட்ட சின்னப் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். கூட ஒருத்தி சேகண்டி தட்டி வருவாள். "கோவிந்தா" என்றால் வீட்டுக்காரி வந்து ஒரு பிடி அரிசி போடுவாள். அந்த அரிசியில்தான் மதியம் பஜனைக் கோயிலில் பெருமாளுக்குத் தளிகைச் சோறு. இது பல ஊரில் உண்டு. எங்கள் தெருவில் மட்டும் இன்னொன்று உண்டு. கையை மூடித்தான் போட வேண்டும். குடத்தின் வாயில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, நடுவில் கை நுழையும் அளவு கிழித்துவிடுவார்கள். மூடிய கை உள்ளே போகும், உள்ளேயே திறக்கும், வெறுங்கை வெளியே வரும். குடம் ஏந்துகிறவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. சொன்னால் கொடுத்தது போய்விடும்.

இல்லாதவள் மானத்தைக் காப்பாற்றத்தான் இந்த வழக்கத்தை யாரோ நல்ல மனதுக்காரர் ஆரம்பித்திருப்பார். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷம் குடம் ஏந்தியவள் நான்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் எனக்குக் காது இருந்தது, இடுப்பு இருந்தது. முதல் இரண்டு மூன்று வீடு வரைக்கும் அரிசி பித்தளையில் விழும் சத்தம் கேட்கும். ஒரு பிடி என்றால் மழை இறங்கின மாதிரி கேட்கும். அரைப் பிடி என்றால் சடசடவென்று நின்றுவிடும். அப்புறம் அரிசிமேல் அரிசி விழும்போது சத்தம் வராது, இடுப்பில் பாரம் ஏறுவதை வைத்துக் கண்டுபிடிப்பேன். ஒன்பது வயதில் எங்கள் தெருவில் யார் கை எப்படி என்று எனக்கு மனப்பாடம்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால், பஜனைக் கோயிலைப் பார்த்துக்கொண்ட பெரியவர் தெருவில் நின்று சொன்னார். "இந்த வாரம் தளிகைக்கு ரெண்டு படி எடுத்துக்கினு மீதி அரிசிய வித்து, கால் ஒடஞ்ச பொண்ண புத்தூருக்கு இட்டுக்கினு போவலாம். பாத்துப் போடுங்க." எல்லோரும் நல்லது என்றார்கள். சேகண்டி தட்டுவது என் கூட்டாளியின் வேலை. அந்த வாரம் அவளுக்குப் பதிலாகப் பெரியவரின் மருமகள் தட்டிக்கொண்டு வந்தாள்.

குடம் ஏந்துகிறவள் வீட்டில்தான் முதல் பிடி. அதனால் அது எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்தது. நான் குளித்து, ஈரப் பாவாடையோடு நின்றேன். அம்மா வெளியே வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாவின் கை உள்ளே போனது. முதலில் அரிசிச் சத்தம் கேட்கவில்லை. டிங் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிங். அதன் பிறகுதான் அரிசி விழுந்தது.

திரும்பிப் பார்த்துவிட்டேன். அம்மா தன் புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினாள். அவள் கழுத்தில் தாலிக் கயிறு புதிதாக மஞ்சள் பூசியிருந்தது. முந்தின நாள் வரை அதில் இரண்டு தங்கக் குண்டு இருந்தது. எங்கள் வீட்டில் இருந்த தங்கமே அவ்வளவுதான், அவள் அம்மா வீட்டில் போட்டது. இப்போது அந்த இடத்தில் இரண்டு கருமணி கோத்து, மேலே மஞ்சளை அப்பியிருந்தாள். சேகண்டி தட்டிய பெண் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என் காதுக்குக் குனிந்து, "உன் கூட்டாளி கால் நேரா ஆவணும். வாயத் தொறந்தேன்னா ஆவாது" என்றாள்.

இப்படிச் சொன்னால் எந்தக் குழந்தை வாயைத் திறக்கும்?

தெருவெல்லாம் போனோம். அந்த வாரம் எல்லோருடைய கையும் கனமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். கூலிக்காரிகள் தங்கள் உலைக்கு வைத்திருந்ததைப் போட்டார்கள். கடைசியாகப் பெரிய வீடு. அங்கே கேட்டுக்கு வெளியேதான் நிற்போம். பெரிய வீட்டம்மா பட்டுக் கரைப் புடவையில் வந்தாள். மூடிய கையைத் துணிக்குள் விட்டாள். அப்புறம் உள்ளே போய் மறுபடி வந்து இன்னொரு கை போட்டாள். "மஞ்சிதி, நல்லது, போயிட்டு வாங்க" என்றாள். இரண்டு தரமும் என் இடுப்பில் பாரம் ஏறவில்லை. நாலு மணி அரிசி இருந்திருக்கும். ஆனால் அவள் இரண்டு தரம் போட்டதைச் சேகண்டிக்காரி பார்த்தாள், கேட்டில் நின்ற வேலைக்காரர்கள் பார்த்தார்கள்.

பஜனைக் கோயிலில் புதுப் பாயை விரித்து, பெரியவர் குடத்தைக் கவிழ்த்தார். அரிசி சரசரவென்று இறங்கிக் குவிந்தது. கடைசியில் குடத்தை இரண்டு தட்டுத் தட்டினார். குவியலின் உச்சியில் இரண்டு தங்கக் குண்டு வந்து உட்கார்ந்தன. வெயிலில் கண்ணைப் பறித்தன.

அப்புறம் பெரியவர் கேட்டார்: "கடைசியா யார் வூட்ல வாங்கினீங்க?"

"பெரிய வீட்ல" என்றாள் மருமகள். "ரெண்டு வாட்டி போட்டாங்க மாமா. நானே பாத்தேன்."

"ரெண்டு வாட்டி. ரெண்டு குண்டு" என்றார் பெரியவர். "மேலயே இருக்குது பாத்தியா."

தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

என் வயதுக்காரிகளே, நீங்கள் ஆயிரம் தரம் குடத்திலிருந்து அரிசியைக் கொட்டியிருப்பீர்கள். அடியில் இருப்பது கடைசியில்தானே விழும்? கடைசியில் விழுவது மேலேதானே இருக்கும்? மேலே கிடந்தது முதல் வீட்டுடையது. அங்கே சுற்றி நின்ற அத்தனை பெண்களும் தினம் அரிசி அளக்கிறவர்கள். ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. தோன்ற வேண்டாம் என்று இருந்தார்கள் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். தங்கம் என்றால் அது பெரிய வீட்டிலிருந்துதான் வர வேண்டும். எங்கள் கூரை வீட்டிலிருந்து வந்தது என்றால் அவர்கள் கணக்கே தப்பிவிடும்.

"மொதல்ல போட்டதுதான்..." என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அந்த இடம் நாலு நாள் கன்றிக் கிடந்தது.

சரி, யார் போட்டதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், புத்தூருக்குப் போக வழி பிறந்ததே என்று நான் சந்தோஷமாகத்தான் நின்றேன். அம்மாவும் அப்படித்தான் நின்றாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் தெரிகிறது. பெரியவர் குண்டுகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு வெற்றிலையில் வைத்தார்.

"இது தேவுடி சொம்மு. அந்தம்மா மலைக்கு இன்னா வேண்டிக்கினு போட்டாங்களோ. பெருமாள் சொத்த நாம தொட்டா நம்ம வம்சம் வெளங்காது. திருப்பதி உண்டியல்ல சேக்கணும்."

அம்மாவின் முகத்திலிருந்த வெளிச்சம் போனதையும் நான் பார்த்தேன். அவள் வாய் ஒரு தரம் திறந்தது. பக்கத்தில் நைனா, என் அப்பா, நின்றிருந்தார், சுற்றிலும் தெருவே நின்றது. மூடிக்கொண்டாள்.

என் கூட்டாளியின் அப்பா ஓரத்திலிருந்து மெதுவாகக் கேட்டார். "அப்ப அரிசியாச்சும், மாமா..."

"அரிசி உனுக்குத்தான்டா. யாரு இல்லன்னது? ஆனா தங்கத்த எடுத்துக்கினு மலைக்குப் போவ பஸ்ஸுக்கு இன்னா பண்றது? மொதல்ல பெருமாள் காரியம் முடியட்டும். வந்து பாத்துக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் அவருக்குப் பெரிய வீட்டில்தான் வேலை.

இதைத்தான் நினைத்து நினைத்து எனக்கு ஆறவில்லை. கால் உடைந்த குழந்தைக்கு என்று சொல்லி வாங்கிய அரிசியை விற்று, அவள் கால் சரியாகட்டும் என்று என் அம்மா போட்ட தங்கத்தை உண்டியலில் கொண்டுபோய்ப் போட பஸ் ஏறினார்கள். பெரியவர், அவர் வீட்டம்மா, இன்னும் இரண்டு ஆண்கள். குடம் ஏந்தியவள் கையால்தான் போட வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள்.

கிளம்பும்போது நான், "அவளையும் தூக்கிக்கினு போவலாம் தாத்தா" என்றேன்.

"கால் ஒடஞ்சத தூக்கிக்கினு மலை ஏறுவியா நீ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

திருப்பதி பஸ் நிலையத்தில் இறங்கினோம். நான் அதுவரை சித்தூரைத் தாண்டியதில்லை. சாமந்திப்பூ வாசனையும், மொட்டைத் தலைகளில் பூசிய சந்தன வாசனையும், டீசல் புகையும் சேர்ந்து எனக்குத் தலை சுற்றியது. எங்கள் பஸ்ஸுக்கு எதிரிலேயே இன்னொரு பஸ் நின்றது. கண்டக்டர் அதன் பக்கத்தைக் கையால் தட்டிக்கொண்டு, "புத்தூரு, புத்தூரு, நகரி" என்று கத்திக்கொண்டிருந்தார். பாதிச் சீட்டு காலி.

நான் பெரியவரின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "தாத்தா, புத்தூரு பஸ்ஸு."

"நம்ம பஸ்ஸு அது இல்ல" என்றார்.

அப்புறம் மலையடிவாரத்து அலிபிரிக்குப் போய்ப் படியேறினோம். "கோவிந்தா" என்று மற்றவர்கள் சொன்னபோது நானும் சொன்னேன். பெருமாள்மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் இல்லை, இன்றைக்கும் இல்லை. அவர் கேட்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி இவர்கள்தான் எடுத்துப் போனார்கள். உண்டியல் என்றால் இரும்புப் பெட்டி என்று நினைத்திருந்தேன். என் தலைக்கு மேலே பெரிய துணிப்பையாகத் தொங்கியது. ஒருவர் தூக்கிப் பிடிக்க, அம்மாவின் இரண்டு குண்டுகளையும் நான்தான் என் கையால் போட்டேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். துணிக்குள் விழுந்ததில் சத்தமே வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கூட்டாளி வீட்டுக்கு ஓடினேன். அவள் அப்பா உளுந்து மாவும் முட்டையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கிழிந்த புடவையால் தானே கட்டியிருந்தார். அவள் படுத்தபடியே கையை நீட்டினாள்.

"லட்டு எடுத்தாந்தியா?"

கொடுத்தேன். தின்றுகொண்டே, "மல எப்பிடிடீ இருந்தது?" என்றாள். என் பங்கு லட்டையும் அவள் கையில் வைத்தேன். அரிசி விற்றதில் மிச்சம் இருந்தது அவர்கள் வீட்டுக்குச் சில நாள் கஞ்சிக்கு ஆயிற்று. புத்தூர்ப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. அவள் எழுந்து நடந்தபோது இடது கால் ஒரு சாண் போலக் குட்டையாகத் தெரிந்தது. சாண் இல்லை, இரண்டு விரல்கடைதான். குழந்தைக் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் அவள்.

அடுத்த வருஷம் பஜனைக் கோயில் சுவரில் பெரிய வீட்டம்மாவின் பெயரைத் தெலுங்கில் சிவப்பு எழுத்தில் எழுதினார்கள். ஆரத்தி முதலில் அவளுக்குத்தான் போகும். நான் கொடுத்தேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் இல்லை என்றும் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தே வாங்கிக்கொண்டாள். கொடுத்தவள் வாயைத் திறக்கக் கூடாது என்கிற வழக்கம் யாருக்கு வாகாக இருக்கிறது பாருங்கள்.

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி ஒன்று உண்டு. சிரிப்பில்லை, அது வேறு. குடம் எடுத்த அதே வருஷம் கார்த்திகையில் வேர்க்கடலை பிடுங்கும்போது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் நனைந்தோம். அம்மாவின் கயிற்றில் இருந்த மஞ்சள் கரைந்து கருமணி தெரிந்தது. நைனா பார்த்துவிட்டார்.

"குண்டு எங்க?"

அம்மா குனிந்து கயிற்றைப் பார்த்தாள். புதிதாகப் பார்ப்பவள் போல. "எங்கியோ அவுந்து வுழுந்துட்டாப்பல கீது. இங்கதான் எங்கியாச்சும். அபசகுனம்னு சொல்லுவீங்கன்னு கருமணி கோத்துக்கினேன்" என்றாள்.

நைனா பெரிய வீட்டில் கெஞ்சிக் கேட்டு ஒரு சல்லடை வாங்கி வந்தார். வேலை முடிந்த பிறகு, வெளிச்சம் இருக்கும்வரை, பிடுங்கின கடலைக்காட்டின் மண்ணை மூன்று நாள் சலித்தோம். நைனா மண்வெட்டியால் அள்ளிப் போடுவார். நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் சல்லடையைப் பிடித்து ஆட்டுவோம். ஈர மண் கட்டி கட்டியாக நிற்கும். அம்மா அதை விரலால் உடைத்து உடைத்துப் பார்த்தாள். தன் கையால் குடத்தில் போட்டதை மண்ணில் தேடினாள். சல்லடைக்கு அந்தப் பக்கம் அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நானும் மண்ணைத்தான் பார்த்தேன். சொத்தைக் கடலை கிடைத்தது, உடைந்த கலப்பைக் கொழு முனை ஒன்று கிடைத்தது. மூன்றாம் நாள் நைனா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "தாலிய தொலச்சவ" என்றார்.

அந்தப் பெயர் அவளுக்கு நின்றுவிட்டது. நைனா கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் சாம்பாரில் உப்புக் கூடினால் அந்தப் பேச்சு, ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனால் அந்தப் பேச்சு. தெருப் பெண்கள் நல்ல காரியத்தில் அவளை முன்னால் கூப்பிட மாட்டார்கள். அவள் செத்த அன்றைக்கு, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியவள் ஒருத்தி, "பாவம், குண்டு இல்லாத கயித்தோடயே போவுது" என்றாள். அவள் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். நாலு பிள்ளை பெற்றவள், மாம்பழக் கம்பெனியில் முப்பது பெண்களை வேலை வாங்குகிறவள், நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. என்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதை விட்டுவிட்டுச் சொன்னால் நியாயம் இல்லை.

ஒரே ஒரு தரம் அம்மாவிடம் கேட்டேன். சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ்க் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலம். எங்கள் ஊரிலிருந்து வண்டி வைத்துப் பெண்களை அள்ளிக்கொண்டு போவார்கள். முதல் சீசன் கூலியில் நான் அவளுக்கு இரண்டு குண்டு வாங்கிக்கொண்டு போனேன். பழச் சாறு பட்டு என் விரல்களெல்லாம் தோல் உரிந்திருந்தது. அம்மா குண்டுகளைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"உன் பொண்ணுக்கு வெச்சிக்கோ."

"ஏம்மா அன்னிக்கே சொல்லல? நைனாகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல."

"சொன்னா குடுத்ததா ஆவாது."

"சொல்லாம வுட்டதுல போய்ச் சேரவே இல்லியேம்மா. அவ கால் கோணிக்கினுதானே போச்சி."

அம்மா முறத்தில் இருந்த கடலையை ஒரு தரம் புடைத்தாள். "நான் போட்டது போட்டதுதான்" என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை. எனக்கு இருக்கிற திமிர் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

மைக்கில் நான் காட்டினேனே, அவை அந்தக் குண்டுகள்தான். அவள் வாங்க மாட்டேன் என்றதை என் தாலியில் கோத்துக்கொண்டேன். இப்போது பெற்றுக்கொள்கிறவள் பெயரும், எதற்கு என்பதும், கொடுத்தவள் முகமும் தெருவுக்கே தெரியும். அந்தக் குண்டுகளை இனி யாரும் வெற்றிலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பெருமைக்குச் சொன்னாயா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் பெருமையும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். பெரிய வீட்டம்மா கொடுக்காததற்கே அத்தனை வருஷம் பெருமைப்பட்டாள். கொடுத்த நான் ஒரு நாள் பட்டால் என்ன?

என் கூட்டாளி இருக்கிறாள். கல்யாணம் செய்துகொண்டு, வீட்டுக்காரரோடு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், அந்தக் காலோடு சாரத்தில் ஏற முடியாமல் கீழே நின்று மண் சலித்தாள். இப்போது திருப்பதியில் மகள் வீட்டில் இருந்துகொண்டு பூக் கட்டி விற்கிறாள். வாரத்துக்கு ஒரு தரம் போனில் பேசுவோம். பேச்சு எங்கே சுற்றினாலும் ஒரு இடத்தில் வந்து நிற்கும்.

"கால் ஒடஞ்சப்ப தெருவே அரிசி போட்டுச்சி. பெரிய வீட்ல தங்கமே போட்டாங்க, மலைக்குன்னாலும். உங்கம்மா இன்னாடீ போட்டா? ஒரு புடி அரிசி. எங்க வூட்ல அத்தினி வாட்டி துன்னவ." விளையாட்டாகத்தான் சொல்வாள். அறுபத்தைந்து வருஷமாக அந்த விளையாட்டு நடக்கிறது. நானும் "ஆமாண்டீ, கஞ்சப்பய குடும்பம்" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். போனை வைத்த பிறகு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அவ்வளவுதான். பேத்தி கை வலிக்கிறது என்கிறாள். பேனாவை வைத்துவிடு கண்ணு. தண்ணீர் குடி. குடித்துவிட்டு அந்தப் போனை எடு. திருப்பதிக்குப் போடு, அவளுக்கு. இப்போது பூக்கடையில் கூட்டம் இருக்காது. ஸ்பீக்கரில் வை. ஜன்னலையும் திறந்துவிடு, குழாயடியில் யார் இருந்தாலும் கேட்கட்டும். எடுத்துவிட்டாளா? என்ன விஷயம் என்று கேட்பாள், நான் பேச மாட்டேன், என்னால் முடியாது. நீ முதல் வரியிலிருந்து படி. டிங் என்று வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்து. அவள் கேட்டாளா என்று கேள். கேட்டேன் என்று அவள் சொன்ன பிறகு மேலே படி.